மத்தேயு 24 நடந்து முடிந்துவிட்டதா?

கேள்வி இதுதான்: "மத்தேயு 24-இல் இயேசு சொன்னதெல்லாம் கி.பி. 70-லேயே நிறைவேறிவிட்டது, இனி வருகை என்று எதுவும் பாக்கி இல்லை என்கிறார் என் நண்பர். வசனங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து என்று சின்ன வயதிலிருந்தே சபையில் கேட்டு வளர்ந்தவன் நான். யார் சொல்வது சரி?"

உங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி வலுவானது. விசுவாசிகள் முதலில் இரகசியமாக மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு ஏழு வருடம் பெரும் துன்பம் என்று நீங்கள் சபையில் கேட்டதைவிட அந்த அதிகாரத்துக்கு நெருக்கமானது என்றே நினைக்கிறேன். 'இனி எதுவும் பாக்கி இல்லை' என்ற இரண்டாம் பாதி அப்படியல்ல. அது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிவேரில் கை வைக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிச் சொல்வதால்தான் உங்களுக்குக் குழப்பம். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

தீர்க்கதரிசனங்கள் பெரும்பாலும் முதல் நூற்றாண்டிலேயே நிறைவேறிவிட்டன என்ற கருத்துக்கு ப்ரீட்டரிசம் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. மத்தேயு 24-இன் பெரும்பகுதி கி.பி. 70-இல் ரோமர் எருசலேமை அழித்தபோது நிறைவேறியது, ஆனால் இயேசுவின் இரண்டாம் வருகையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலும் இன்னும் வரவேண்டியவை என்பவர்கள் பகுதி ப்ரீட்டரிஸ்டுகள். வருகை, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு எல்லாமே கி.பி. 70-இல் முடிந்துவிட்டன என்பவர்கள் முழு ப்ரீட்டரிஸ்டுகள். அமெரிக்க இறையியலாளர் ஆர்.சி. ஸ்ப்ரோல் முதல் வகை. அவர் 1998-இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு சாதாரண விசுவாசிகள் நடுவிலும் பரவியது. இரண்டாம் வகைக்கு வழி திறந்தவர் 1878-இல் எழுதிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் என்ற சபைப் போதகர். 1970-களில் மேக்ஸ் கிங் என்ற அமெரிக்கப் போதகர் அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இனி அதிகாரத்துக்குள் போவோம். சீஷர்கள் தேவாலயக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு. ஒலிவமலையில் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள், 'இவைகள் எப்பொழுது சம்பவிக்கும்? உம்முடைய வருகைக்கும் உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன?' என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் நீண்ட பதிலின் நடுவில் 34-ஆம் வசனம் வருகிறது: "இவைகளெல்லாம் சம்பவிக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாதென்று மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்." விவாதம் முழுவதும் சுற்றிவருவது இந்த வசனத்தைத்தான்.

'சந்ததி' என்றால் இங்கே யூத இனம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் அடையாளங்களைக் காணப்போகும் சந்ததி என்பது இன்னொரு விளக்கம். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஓர் அதிகாரம் பின்னால் போய் 23:36-ஐப் பாருங்கள். பரிசேயரைக் கண்டித்துவிட்டு, "இவைகளெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும்" என்கிறார். அங்கே அவர் முன்னால் நின்றவர்களைத்தான் சொல்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரே நாளில், ஒரே பேச்சின் தொடர்ச்சியில், அதே சொல் திடீரென்று இரண்டாயிரம் வருடம் தாண்டிக் குதிக்காது.

அப்புறம், அதிகாரத்திலுள்ள அறிவுரைகளைப் பாருங்கள். யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போக வேண்டும். வீட்டின்மேல் இருக்கிறவன் பொருளை எடுக்கக் கீழே இறங்கக்கூடாது. ஓடிப்போவது மாரிகாலத்திலும் ஓய்வுநாளிலும் நேரிடாதபடி வேண்டிக்கொள்ள வேண்டும். தட்டைக் கூரை வீடுகளில் வாழ்ந்த, ஓய்வுநாளில் வாசல்கள் அடைக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட நாட்டின் மக்களுக்குச் சொன்னவை இவை. உலகமே முடியப்போகிறது என்றால் மலைக்கு ஓடி என்ன பயன்? லூக்கா இன்னும் வெளிப்படையாகவே எழுதுகிறார்: எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதைக் காணும்போது அதின் அழிவு சமீபமாயிற்றென்று அறியுங்கள் (21:20).

நடந்ததும் அப்படித்தான். கி.பி. 66-இல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளம்பினார்கள். சீரியாவின் ரோம ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் அந்த ஆண்டே படையோடு வந்து நகரைத் தாக்கிவிட்டு, திடீரென்று பின்வாங்கினான். அந்த இடைவெளியில் எருசலேம் கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்பது சபை மரபு. நான்காம் நூற்றாண்டு பிஷப் யூசேபியஸ் தன் சபை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். இதை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. 70-ஆம் ஆண்டு பஸ்கா சமயத்தில், பண்டிகைக்கு வந்த கூட்டத்தால் நகரம் நிரம்பியிருந்தபோது, ரோமத் தளபதி தீத்துவின் படை முற்றுகையிட்டது. உள்ளே மூன்று கட்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. தானியக் கிடங்குகளை அவர்களே கொளுத்தினார்கள். பசியில் ஒரு தாய் தன் கைக்குழந்தையையே கொன்று தின்றதாக அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது, செப்டம்பருக்குள் நகரமே போயிற்று. பதினொரு லட்சம் பேர் செத்தார்கள், 97,000 பேர் சிறைப்பட்டார்கள் என்பது ஜோசிபஸின் கணக்கு. முதல் எண் மிகையானது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அழிவின் அளவைச் சந்தேகிக்க வழியில்லை. ஆலய மேட்டின் மேற்குச் சுவரின் தென்பகுதியில், ராபின்சன் வளைவு என்ற கல்வளைவு இருந்த இடத்துக்குக் கீழே, ஏரோதின் காலத்துத் தெரு அகழ்வாய்வில் வெளிப்பட்டிருக்கிறது. மேலிருந்து உருட்டித் தள்ளிய பெரிய பெரிய கற்கள், அவை விழுந்து நொறுக்கிய தளக்கற்களின் மேலேயே இன்றும் குவிந்து கிடக்கின்றன. ரோமில் தீத்துவின் வளைவில், ஆலயத்தின் ஏழுகிளைக் குத்துவிளக்கை வீரர்கள் தூக்கிப்போகும் சிற்பம் இருக்கிறது. 'அழுகைச் சுவர் இன்னும் நிற்கிறதே, அப்படியானால் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இருக்கிறதே' என்று சிலர் மடக்குவார்கள். அது ஆலயக் கட்டடத்தின் சுவர் அல்ல. ஆலயம் நின்ற மேட்டைத் தாங்கிய சுவர்.

சரி, சூரியன் இருண்டதா? நட்சத்திரங்கள் விழுந்தனவா? மனுஷகுமாரன் மேகத்தில் வந்தாரா? பிற்காலத்தில்தான் நிறைவேறும் என்பவர்கள் இங்கேதான் அழுத்திப் பிடிப்பார்கள். ப்ரீட்டரிஸ்டுகளின் பதில் பழைய ஏற்பாட்டிலிருந்து வருகிறது. ஏசாயா 13 பாபிலோனின் வீழ்ச்சியைச் சொல்லும்போது நட்சத்திரங்கள் ஒளி கொடாது, சூரியன் உதிக்கையிலேயே இருண்டுபோகும் என்கிறது. ஏசாயா 19:1 இன்னும் நேரடியானது: "கர்த்தர் வேகமான மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருவார்." எகிப்தில் யாரும் கடவுளைக் கண்ணால் பார்க்கவில்லை, எகிப்தின் மேல் வந்த தண்டனையைத்தான் பார்த்தார்கள். தானியேல் 7-இல் மனுஷகுமாரனைப்போன்றவர் மேகங்களோடு வருவது பூமிக்கு இல்லை, நீண்ட ஆயுசுள்ளவரிடத்துக்கு. அரசாட்சியைப் பெற்றுக்கொள்ள அவர் மேலே போகிறார். தீர்க்கதரிசிகளைப் படித்து வளர்ந்த ஒரு யூதன் இந்தச் சொற்களைக் கேட்டால், ஒரு பெரிய வல்லமை கவிழப்போகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டிருப்பான். இந்த வாதத்தைத் தட்டிவிட்டுப் போகமுடியாது. ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-இல் தன் உரையில், இயேசு தம் தலைமுறைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார், வரவில்லை என்று குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டுக்கு நேர்மையான ஒரு பதில் இந்த வாசிப்பில் இருக்கிறது.

ஆனால் 36-ஆம் வசனத்தில் பேச்சு திரும்புகிறது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் என்கிறார். அதுவரை 'இவைகள்' என்று பன்மையில் சொன்னவர், அதன்பின் 'அந்த நாள்' என்று ஒருமைக்கு வருகிறார். அதுவரை அடையாளங்கள், யுத்தங்கள், பஞ்சங்கள், ஓடச் சொல்லும் அறிவுரை. அதன்பின் ஓர் அடையாளமும் இல்லை. நோவாவின் காலத்தைப்போல் சாப்பிட்டுக் குடித்து, பெண்கொண்டு பெண்கொடுத்து இருப்பார்கள். ஒன்று அந்தச் சந்ததிக்குள் நடக்கும், மற்றது எப்போது என்று குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு எழுதுகிறார். சீஷர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்ட கேள்வியை இயேசு இரண்டாகப் பிரித்துப் பதில் சொல்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். புதிய ஏற்பாட்டு அறிஞர்கள் பலரும் இப்படி வாசித்திருக்கிறார்கள். சபைப் பிதா அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சலோனா நகர பிஷப் ஹெசிக்கியஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், எருசலேமின் அழிவைப்பற்றியது எது, கடைசி வருகையைப்பற்றியது எது என்று வசனம் வசனமாகப் பிரித்துப் பார்க்க முயன்றார்.

இந்த வாசிப்புக்கும் ஓர் ஓட்டை உண்டு, உங்கள் நண்பர் விஷயம் தெரிந்தவர் என்றால் அதைக் கேட்பார். லூக்கா 17-இல் நோவாவின் நாட்களும், வீட்டின்மேல் இருக்கிறவன் இறங்கக்கூடாது என்பதும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. மத்தேயுவில் 36-க்கு முன் ஒரு நிகழ்ச்சி, பின் வேறு நிகழ்ச்சி என்றால் லூக்கா ஏன் கலக்கிறார்? லூக்கா 21-ஐத் தனியாக வைத்து, 17-ஐ வேறு சந்தர்ப்பத்தில் சொன்ன பேச்சு என்று விளக்கலாம். அந்த விளக்கம் போதுமானது என்றாலும் முழுத் திருப்தி தரவில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் போன்றவர்கள் அதிகாரத்தைப் பிரிக்கவே கூடாது என்று வாதிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழு ப்ரீட்டரிசம் உடைவது வேறு இடத்தில். 1 கொரிந்தியர் 15-இல் கிறிஸ்து எழுந்தது எப்படியோ அப்படியே நம் எழுதலும் என்று பவுல் கட்டுகிறார். 'பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்.' எருசலேம் எரிந்த மறுநாளும் ஜனங்கள் செத்தார்கள், இன்றும் கல்லறைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இதைச் சமாளிக்க, உயிர்த்தெழுதல் என்பது உடலைப்பற்றியதல்ல, பழைய உடன்படிக்கையின் சாவிலிருந்து தேவஜனம் எழுந்ததுதான் என்று விளக்குகிறார்கள். அப்படியானால் தெசலோனிக்கேயாவில் சொந்தக்காரர்களைப் புதைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தவர்களுக்குப் பவுல் சொன்ன ஆறுதல் எதைப்பற்றியது? உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்துப்போட்ட இமெநேயு, பிலேத்து என்ற இருவரை 2 தீமோத்தேயு 2 பெயர் சொல்லியே கண்டிக்கிறது. அது 70-க்கு முன் எழுதியது, அப்போது அது பொய், பிறகு உண்மையாயிற்று என்பார்கள் முழு ப்ரீட்டரிஸ்டுகள். அரிபிளவையைப்போலப் படரும் என்று பவுல் சொன்ன ஒரு போதனை சில வருடங்களில் சுவிசேஷமாகவே மாறிவிட்டது என்று என்னால் நம்பமுடியவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் ஒரு மௌனம். 70-க்குப் பிறகு எழுதிய சபைப் பிதாக்களில் ஒருவர்கூட 'அவர் வந்துவிட்டார், உயிர்த்தெழுதல் முடிந்தது' என்று எழுதவில்லை. யூசேபியஸ் ஜோசிபஸின் பக்கங்களை மத்தேயு 24-ஓடு ஒப்பிட்டு, இயேசு சொன்னது நிறைவேறியதென்று காட்டுகிறார். அவரும் வருகைக்குக் காத்திருந்தவர்தான். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், முதல் வருகை தாழ்மையில், இரண்டாவது மகிமையில் என்று யூதர் ஒருவரோடு வாதாடுகிறார். உலக வரலாற்றின் உச்சமான நிகழ்ச்சி நடந்து, அதைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகளுக்கே அது தெரியவில்லை என்பதை நம்புவது கஷ்டம்.

வெளிப்படுத்தின விசேஷத்தையும் நண்பர் இழுப்பார். அங்கே அவர் நிலை மத்தேயு 24-இல் உள்ளதுபோல் உறுதியானதல்ல. எல்லாம் அது எழுதப்பட்ட காலத்தைப் பொறுத்தது. நீரோவின் காலத்தில், ஆலயம் இடிவதற்கு முன் எழுதியது என்றால் 'காலம் சமீபமாயிருக்கிறது' என்பதற்கு எருசலேம் பொருந்தும். கென்னத் ஜென்ட்ரி 1989-இல் இதற்காகவே ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். ஆனால் சபைப் பிதா இரேனியஸ் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தத் தரிசனம் ரோமப் பேரரசன் டொமிஷியன் ஆட்சியின் முடிவில், அதாவது கி.பி. 95 வாக்கில், காணப்பட்டதென்று சொல்கிறார். ஆரம்பச் சபையின் மிகத் தெளிவான சாட்சி அதுதான். அதோடு, லவோதிக்கேயா கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்த ஊர். சில வருடங்களுக்குள் 'நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று பெருமை பேசுவது கொஞ்சம் இடிக்கிறது. நான் பிந்திய காலத்தையே ஏற்கிறேன்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 விஷயத்தில் ப்ரீட்டரிஸ்டுகள் சொல்வது உண்மையிலேயே கவனிக்கத் தக்கது. எபிரெயத்தில் எழுத்துகளே எண்கள். 'நீரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. மொத்தம் 666. கடைசி நூனை விட்டு லத்தீன் பாணியில் 'நீரோ' என்று எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666-க்குப் பதில் 616 தான் இருக்கிறது, இரேனியஸுக்கே அது தெரியும். இரண்டு எண்ணையும் ஒரே பெயர் விளக்குகிறது. இருந்தாலும் அந்த எண்ணுக்குப் பல பெயர்களை ஆராய்ந்த இரேனியஸ் நீரோவைக் குறிப்பிடவே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. என் கணிப்பில், செத்துப்போன நீரோவின் நிழலைக் காட்டித்தான் யோவான் டொமிஷியன் காலத்து ரோமையும் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு ரோமையும் எச்சரிக்கிறார். ஆதார் எண்ணிலும் பார்கோடிலும் தடுப்பூசியிலும் 666-ஐத் தேடியவர்கள், அந்தக் கடிதத்தை முதலில் பெற்ற ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அந்த எண் என்ன சொல்லியிருக்கும் என்று ஒருமுறை யோசித்திருக்கலாம்.

இன்னொரு ஒப்பீடும் அடிக்கடி வரும். வெளிப்படுத்தல் 16:21-இல் தாலந்து நிறையான கல்மழை விழுகிறது. ரோமரின் கல்வீச்சு இயந்திரங்கள் எறிந்த கற்கள் தாலந்து எடையுள்ளவை, வெள்ளையாக இருந்ததால் காவற்காரர்கள் பார்த்துக் குரல் கொடுத்தார்கள், பிறகு ரோமர் அவற்றைக் கறுப்பாக்கிவிட்டார்கள் என்று ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் ஒரே எடை வந்துவிட்டதால் அதுதான் இது என்று முடிவுகட்ட முடியாது.

நம் சபைகளுக்கு எல்லாம் இனிமேல்தான் நடக்கும் என்ற மற்ற போதனை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீர்திருத்தக் காலப் புரட்டஸ்தாந்தர்கள் போப்பையே அந்திக்கிறிஸ்து என்றார்கள். அதற்குப் பதிலாக, ஸ்பெயின் இயேசு சபைத் துறவி ரிபெரா, அந்திக்கிறிஸ்து இனிமேல் வரப்போகிறவன் என்றார். இன்னொரு ஸ்பானியத் துறவி அல்காசர், 1614-இல் வெளியான தன் நூலில், வெளிப்படுத்தலின் பெரும்பகுதி ஆதிச் சபைக் காலத்திலேயே முடிந்தது என்றார். நீங்கள் கேட்டு வளர்ந்த 'இரகசிய வருகை, பின் ஏழு வருடம்' என்ற அட்டவணை அதற்கும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரதரன் இயக்கத் தலைவர் ஜான் நெல்சன் டார்பி அதை ஒழுங்குபடுத்தினார், 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் உலகெங்கும் பரப்பியது. நம் பக்கம் பிரதரன் சபைகள் வழியாகவும் பின்னர் பெந்தெகொஸ்தே சபைகள் வழியாகவும் அது வேரூன்றியது. பிரதரன் முன்னோடி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவிய அருளப்பன். 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதல் அவரோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது. அந்த எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்கும் போயிற்று. அங்கே, பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யூஸ்துஸ் யோசேப்பு, 1881-இல் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். வரவில்லை. அவர் எழுதிய பாடல்கள் இன்றும் கேரளச் சபைகளில் பாடப்படுகின்றன.

தேதி குறித்தவர்களின் பட்டியல் நீளமானது: 1844-இல் வில்லியம் மில்லர், 1988-இல் எட்கர் விசனன்ட், 2011-இல் ஹரால்டு கேம்பிங். வேலையை விட்டவர்களும், சொத்தை விற்றவர்களும், விசுவாசத்தையே விட்டவர்களும் இவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள். அந்தக் காயத்தில் நொந்துபோனவர்கள்தான் பலநேரம் முழு ப்ரீட்டரிசத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

ஆனால் அந்தப் பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. 70-ஆம் ஆண்டின் அழிவை யூத இனத்துக்கே கடவுள் கொடுத்த நிரந்தரச் சாபமாகப் பேசும் வழக்கம் யூசேபியஸ் காலத்திலிருந்தே உண்டு. நூற்றாண்டுகளாக யூதர்கள் மேல் நடந்த கொடுமைகளுக்கு அது எண்ணெய் ஊற்றியது. 'இந்தச் சந்ததி' என்பதை நேராக எடுத்துக்கொள்ளும் ப்ரீட்டரிஸ்ட், அந்தச் சந்ததியோடு அதை நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். அதே நகரத்தைப் பார்த்து இயேசு அழுதார் என்று லூக்கா 19 சொல்கிறது. அழுதவரின் சொல்லை எடுத்து வெறுப்புக்கு ஆதாரமாக்க யாருக்கும் உரிமையில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் போதகரிடம் மத்தேயு 24:34-ஐயும் 23:36-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு அர்த்தம் என்று மரியாதையோடு கேளுங்கள். உங்கள் நண்பரிடம் 1 கொரிந்தியர் 11:26-ஐக் காட்டுங்கள். அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம் கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்கிறார் பவுல். அவர் கி.பி. 70-இலேயே வந்துவிட்டார் என்றால், நண்பர் இன்னும் திருவிருந்தில் ஏன் பங்கெடுக்கிறார்? இந்தக் கேள்விக்கு முழு ப்ரீட்டரிஸ்டுகளுக்குள்ளேயே ஒத்த பதில் கிடையாது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசுவோம்.